மாலத்தீவுக்கு ஒரு டீச்சர் ஜோடி

கேள்வி: எங்கள் தெரு ஆங்கில ஆசிரியர் தம்பதி, மாலத்தீவுப் பள்ளியில் வேலை என்று கிளம்பிவிட்டார்கள். சம்பளத்துக்காகவா, ஊர் சுற்றவா?
– ஒரு வாசகி, உடையார்பாளையம்

பதில்: சம்பளம்தான், சந்தேகமே வேண்டாம். இங்கே தனியார் பள்ளிச் சம்பளத்தில் பி.எட். கடனுக்கு வட்டி கட்டலாம். அடகு வைத்த முந்திரித் தோப்பை மீட்க முடியாது. அந்தக் காலத்தில் எத்தியோப்பியா, அப்புறம் நைஜீரியா என்று நம் வாத்தியார்கள் பெட்டி கட்டியதும் இதே கணக்கில்தான்.

அங்கே பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில். பிள்ளைகள் வீட்டில் பேசுவது திவேஹி. ஆங்கில வகுப்பையே தமிழில் நடத்தும் நம்மூர்ச் சலுகை செல்லாது. டீச்சருக்கும் இங்கிலீஷ் வந்துவிடும்!

உங்கள் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டிய ராஜேந்திரனின் அப்பா ராஜராஜன் அந்தத் தீவுகளைப் பிடித்தவர். மெய்க்கீர்த்திப்படி பன்னீராயிரம் தீவுகள். எண்ணிப் பார்த்தால் சுமார் 1,200. ஒரு சைபர் கூடுதல். மெய்க்கீர்த்தியும் பயோடேட்டாவும் ஒரே சாதி!

ஊர் சுற்றலா? பல தீவுகளை அரை மணியில் நடந்தே முடித்துவிடலாம். ஆனால் வார விடுமுறை வெள்ளி, சனி. ஞாயிறு வேலை நாள். மாமியார் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தால், “கிளாஸ் இருக்கு அத்தை” என்று பொய் சொல்லாமலே தப்பிக்கலாம். இதற்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் தகும் என்கிறார் என் வீட்டம்மா.