சவாதீக்கா அண்ணாச்சி

சாத்தூரில் சேவுக்கடைக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பது பாங்காக் போய் வந்த அண்ணாச்சிகள். பெயிண்ட், பைப், சிமெண்டு, உரம், எந்த வியாபாரமானாலும் சரி. வருஷ டார்கெட்டைத் தாண்டிவிட்டால் கம்பெனிக்காரன் டீலரைக் கூட்டிக்கொண்டு போய் இறக்குகிற இடம் அதுதான். நாலு ராத்திரி, அஞ்சு பகல். பாங்காக்கில் இரண்டு, பட்டாயாவில் இரண்டு. பாஸ்போர்ட்டில் விழுவது ஒரே பயணத்தின் முத்திரை. அதை வைத்து அண்ணாச்சி பத்து வருஷம் பேசுவார்.

அவர்களில் ஒருவர், கடைக்குள் யார் நுழைந்தாலும் இரண்டு கையையும் கூப்பி, லேசாகத் தலை சாய்த்து, "சவாதீக்கா" என்பார். ஆணி வாங்க வந்த கொத்தனார் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, "எந்த சுவாதியக்கா, அண்ணாச்சி?" என்று கேட்டதும் நடந்திருக்கிறது. அண்ணாச்சி கோபப்படவில்லை. அந்த ஊரில் கோபம் வந்தாலும் முகத்தில் காட்டக்கூடாதாம். கொத்தனாரை ஸ்டூலில் உட்காரவைத்து, அது நம்ம 'ஸ்வஸ்தி'தான், 1940களில் அங்கத்திய அரசாங்கமே இனி எல்லோரும் இப்படித்தான் வணக்கம் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டது என்று விளக்கினார். கொத்தனார் ஆணியை மறந்துவிட்டுப் போனார்.

கும்பிடுக்கும் அங்கே அளவு உண்டு. சமமானவருக்குக் கட்டைவிரல் தாடையில், மூத்தவருக்கு மூக்கு நுனியில், பிட்சுவுக்குப் புருவ மத்தியில். இளையவர்தான் முதலில் கும்பிட வேண்டும். இந்த இலக்கணத்தை அண்ணாச்சி சாத்தூருக்குத் தோதாகத் திருத்தி வைத்திருக்கிறார். பாக்கி வைத்திருப்பவன் வந்தால் கை கல்லாவை விட்டு எழும்பாது. கம்பெனி மேனேஜருக்கு மூக்கு நுனி. சரக்குப் பணம் கேட்டு வருகிற மொத்த வியாபாரிக்குப் புருவ மத்தி.

தலை அங்கே புனிதம்; குழந்தையின் தலையைக்கூட அன்னியர் தொடக்கூடாது. இதைக் கேட்டுவந்த நாளிலிருந்து கடைப்பையன் தலையில் குட்டுவதை அண்ணாச்சி அடியோடு நிறுத்திவிட்டார். இப்போதெல்லாம் முதுகில்.

கால் பற்றித்தான் பிரசங்கம் நீளும். கால் உடம்பிலேயே கீழானது, பெரியவர் பக்கம் நீட்டக்கூடாது, செருப்பை வாசலில் விட வேண்டும், ரூபாய்த்தாள் பறந்தால் காலால் மிதித்துப் பிடிக்கக்கூடாது, அதில் ராஜா படம் இருக்கிறது. ராஜாவை அவமதித்தால் 112ஆவது பிரிவில் 3 முதல் 15 வருஷம் உள்ளே. ஒருநாள் இதைத் திண்ணையில் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அவருடைய ஆத்தா உலக்கையை நிறுத்தினாள்.

"ஏல, நாலாப்புல புஸ்தகத்த மிதிச்சதுக்குத் தொட்டுக் கும்பிடுன்னு சொன்னேன். மாட்டேன்னு ஓடுனியே. அதச் சொல்லிக்கொடுக்க ஏரோப்பிளேனா வேணும்?"

ஆத்தா மார்கழியில் திருவெம்பாவை பாடுகிறவள். அந்தப் பாட்டின் பெயரிலேயே பாங்காக் பிராமணர்கள் 'த்ரியம்பாவாய்' என்று ஒரு சடங்கு நடத்துகிறார்கள். அதற்காக நட்ட பெரிய ஊஞ்சலின் சிவப்புத் தேக்குத் தூண்கள் நடுவீதியில் நிற்கின்றன. ஊஞ்சலாட்டம் மட்டும் 1935ல் நின்றுபோனது. அண்ணாச்சியின் பஸ் அதைக் கடந்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். முந்தின ராத்திரி கண்விழிப்பு.

சாப்பாட்டு விஷயத்திலும் அவர் வாத்தியார்தான். வலக்கையில் ஸ்பூன், இடக்கையில் ஃபோர்க். ஃபோர்க் என்பது சோற்றை ஸ்பூனுக்குள் தள்ளத்தான், வாய்க்குள் போகக்கூடாது. எண்ணெய்ப் பரோட்டா கடையில் போய் இரண்டும் கேட்டார். மாஸ்டர் மறுபேச்சுப் பேசாமல் கொத்துப் பரோட்டா கொத்துகிற இரண்டு தகட்டையும் நீட்டினார். அந்த அஞ்சு நாளும் கம்பெனி போட்ட சப்பாத்தி, பருப்பைத்தான் அண்ணாச்சி சாப்பிட்டார் என்பதையும், பட்டாயா ரூமில் ஒரு கிலோ காரச்சேவு காலியானதையும் கூடப்போன உரக்கடைக்காரர் பிறகு சொன்னார்.

அவர் சொல்வதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. சாயங்காலம் 6 மணிக்கு ரயில் ஸ்டேஷனில் தேசிய கீதம் ஒலித்ததும் அத்தனை கூட்டமும் அப்படியே நின்றதாம். இவர் மட்டும் நாலு எட்டு நடந்துவிட்டு, பொம்மைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்போல முழித்திருக்கிறார். பட்டாசு ஆலைகள் இருக்கிற நம்ம பக்கத்தில் ஊரே ஒரே நொடியில் அசையாமல் நிற்பது வேறு ஒரு சத்தத்துக்கு. எந்தத் திசையில் புகை எழும்புகிறது என்று பார்க்க. அண்ணாச்சியும் இந்த இடத்தில் கொஞ்சம் பேச்சை நிறுத்திவிட்டுத்தான் தொடர்வார்.

ஒன்றைக் கவனித்தால் தெரியும். அவருடைய தாய்லாந்தில் பாங்காக் உண்டு, புத்தர் உண்டு, ராஜா உண்டு, பண்பாடு நிறையவே உண்டு. பட்டாயா கிடையாது. "பட்டாயா எப்படி அண்ணாச்சி?" என்று யாராவது சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டால், "கடல்தான். திருச்செந்தூர் மாதிரி" என்பார். உடனே செருப்பை வாசலில் விடுகிற வழக்கத்துக்குத் திரும்பிவிடுவார். பாங்காக் என்றதும் ஊர் கண்ணடிக்கிறதே, அதற்கு அவர் கட்டிய கோட்டைச்சுவர்தான் இந்த அஞ்சு நாள் பண்பாடு. யானைச் சாவிக்கொத்தும் தலைவலித் தைலமும் வாங்கி வந்த கையோடு, வீட்டிலும் அதே சுவரைத்தான் எழுப்பினார். ஒரு வருஷம் நன்றாகவே நின்றது.

போன லீவில் மகள் காலேஜிலிருந்து வந்திருந்தாள். தாய்லாந்து சீரியலை மொபைலில் பார்த்துப் பார்த்துப் பாஷையே பிடிபட்டுவிட்டது அவளுக்கு. வீட்டுக்கு வந்த விருந்தாளியை அண்ணாச்சி கைகூப்பி வரவேற்றதைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா, ஆம்பளைங்க 'க்ராப்'னுதான் முடிக்கணும். 'கா'ங்கிறது பொம்பளைங்க சொல்றது."

"அதெப்படி? நான் கேட்ட அத்தன பேரும் 'கா'ன்னுதானே சொன்னாக?"

அடுப்படியில் தாளிக்கிற சத்தம் நின்றது.