'டி மானா' குடியேறிய வீடுகள்

இடம் சொல்ல ஆங்கிலத்துக்கு முன்னிடைச்சொற்களின் ஒரு படையே வேண்டும். இந்தோனேசிய மொழியில் 'டி' ஒன்றே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். வீட்டில், கடற்கரையில், ஜகார்த்தாவில் எல்லாவற்றுக்கும் அதுதான். சிக்கனமான குடித்தனம். அதில் ஆங்கில நாவல் மொழிபெயர்ப்பு வழியே விருந்தாளியாக வந்து உட்கார்ந்தது.

'அவள் பிறந்த வீடு' என்பதற்கு அங்கே 'ரூமா தெம்பாட் டியா லாஹிர்' என்பார்கள். 'தெம்பாட்' என்றால் இடம், விஷயம் முடிந்தது. மொழிபெயர்ப்பாளருக்கோ மூலத்தின் ஒரு முன்னிடைச்சொல்லைக்கூடத் தொலைக்க மனம் வராது. 'ரூமா டி மானா டியா லாஹிர்' என்று எழுதிவிடுகிறார். 'டி மானா' என்பது 'எங்கே?' என்ற கேள்வி. ஆக, நாவலில் வரும் ஒவ்வொரு வீடும் வாசகரிடம் முகவரி விசாரிக்கிறது.

கதாநாயகன் பாடும் சுகமில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கையைப் பையில் விட்டுக்கொண்டு சும்மா நிற்பவனுக்கு, உறுப்புக்கு ஒரு 'டெங்ஙான்', அதாவது 'உடன்', துணைக்கு வருகிறது. தன் கண்ணையும் கையையும் உடன் அழைத்து வந்தவன் போல நிற்கிறான், பாவம்.

இலக்கண ஆசிரியர்கள் 'டி மானா'வைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள். அதைச் சேர்த்து 'டிமானா' என்று எழுதுபவர்களும் உண்டு. 'டி'யைப் பிரித்து எழுதினால் இடம், ஒட்டி எழுதினால் செயப்பாட்டுவினை என்பது அங்கே பள்ளிப் பாடம். அந்தக் கணக்கில், மானாவை யாரோ என்னவோ செய்துவிட்டார்கள்.