ஆறு பேர், ஒரு லேப்டாப்

ஆபீஸ் லேப்டாப்புக்கு எஜமான் ஒருவர்தான். வீட்டு லேப்டாப்புக்கு, எங்கள் ரேஷன் கார்டின்படி, ஆறு பேர். அந்த ஆறில் ஒருவராவது அதை இரண்டு கையாலும் பிடித்து மூடி நான் பார்த்ததில்லை. கடையில் லேப்டாப்பின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்கள் அது எவ்வளவு வேகமாக ஓடும் என்று சொல்லும். யார் கையில் மாட்டப்போகிறது என்ற விவரத்தை நாம்தான் மனதில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

பழையதை மாற்ற வேண்டிய கட்டாயம் மைக்ரோசாஃப்ட் வழியாக வந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை அவர்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டார்கள். சரி, விண்டோஸ் 11 போடலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் இருக்கிறதா என்று அது கேட்டது. எங்களுடையதில் இல்லை. ஆனால் என் கணவரை அசைத்தது இந்தத் தொழில்நுட்பக் காரணம் அல்ல, தட்கல். ஏசி வகுப்புக்கான தட்கல் காலை 10 மணிக்குத் திறக்கும். இவர் ஒன்பதரைக்கே லேப்டாப்பின் பட்டனை அழுத்திவிட்டு, குளித்து, விபூதி பூசி, இட்லி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருவார். அப்போதும் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே இருந்தது தட்டு சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். அது கண் விழிப்பதற்குள் ரயில் நிறைந்துவிடும்.

வாங்குவது என்று முடிவானதும் வீட்டில் மனுக்கள் குவிந்தன. மாமா பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதத் தமிழ் டைப்பிங் வேண்டும் என்றார். அத்தைக்கு விட்டுப்போன சீரியலைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும். மகளுக்குக் கல்லூரி ப்ராஜெக்ட். ப்ளஸ் டூ படிக்கும் மகன், இயற்பியலை ஆழமாகப் புரிந்துகொள்ளத் தனி கிராஃபிக்ஸ் கார்டு அவசியம் என்று ஒரு வாதத்தை முன்வைத்தான். என் கணவர், "எது வேணா வாங்கு, கம்மியா வாங்கு" என்றார்.

அக்கா மகனைக் கலந்தாலோசித்தோம். ஓஎம்ஆரில் ஐடி வேலை. "சித்தி, மினிமம் ஐ7 எடுங்க. அதுக்குக் கீழ போனா பின்னாடி வருத்தப்படுவீங்க" என்றான். இவன் தன் வாழ்நாளில் சொந்தக் காசில் லேப்டாப் வாங்கியவன் இல்லை; கம்பெனி கொடுத்ததைத் தோளில் சுமப்பவன். மின்கட்டணம் கட்ட ஐ7 எதற்கு என்று கேட்டேன். "ஃப்யூச்சர் ப்ரூஃப் சித்தி" என்றான். மின்வாரியம் அவ்வளவு வேகமாக முன்னேறப்போகிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று எங்கும் ஒயர், ஸ்பீக்கர், சிசிடிவி கேமரா. நடுவில் மனிதர்களும் போய்வர அனுமதி உண்டு. முதல் கடையில் ஒரு விசித்திரம் நடந்தது. கேள்வி கேட்டது நான். பதில் போனது என் கணவருக்கு. "ராம் சால்டர் பண்ணியிருக்கா, ஸ்லாட் இருக்கா?" என்று கேட்டேன். விற்பனையாளர் இவரைப் பார்த்து, "சார், 8 ஜிபி சார், தாராளம் சார்" என்றார். இவரும் கல்யாண வீட்டில் சம்பந்தி மாதிரித் தலையை ஆட்டினார். கடைசியில் அவர் வாயைத் திறந்து கேட்ட ஒரே கேள்வி, "இதுல வேற என்ன கலர் இருக்கு?"

ராம் விஷயத்தைக் கேட்டே ஆக வேண்டும். ஒல்லியான மாடல்கள் பலவற்றில் அதை மதர்போர்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள். பிறகு கூட்டவே முடியாது. பிரவுசரில் ஒரே சமயம் இருபது டேப் திறந்துவைக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் 8 ஜிபி சீக்கிரம் மூச்சு வாங்கும். 16 இருந்தால் நிம்மதி. இப்போது 8 வாங்கி அப்புறம் கூட்டிக்கொள்ளலாம் என்பதும் முன்போல் மலிவான யோசனை இல்லை. ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப்பெல்லாம் போய்ச் சேர, 2025 கடைசியிலிருந்து ராம் விலை தங்கத்தோடு போட்டி போடக் கிளம்பிவிட்டது.

ப்ராசஸரில் ஏமாற்று என்று சொல்ல முடியாது. எண் கணிதம் என்று சொல்லலாம். ஐ5 என்று மட்டும் சொன்னால் அது எந்தக் காலத்து ஐ5 என்பது தெரியாது. அதற்கடுத்து வரும் எண்தான் தலைமுறையைச் சொல்லும். பழைய தலைமுறை ஐ5-ஐப் புதிய ஐ3 முந்திவிடுவதும் உண்டு. ரைசனில் இன்னொரு நுணுக்கம். 7520யூ என்று பார்த்ததும் 2023 மாடல் என்று பூரித்துப்போவோம். மூன்றாவது இலக்கம் 2 என்றால் உள்ளே இருப்பது 2019-இல் வந்த ஸென் 2 வடிவமைப்பு. மின்கட்டணம் கட்ட அதுவே போதும் என்பது வேறு விஷயம். புதுசு என்று நினைத்துப் புது விலை கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஹார்ட் டிஸ்க் வேண்டாம், எஸ்எஸ்டி வேண்டும் என்பதில் வீட்டில் இரண்டு கருத்து இல்லை. பழைய லேப்டாப்பிலேயே ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டினால் அது துள்ளி எழும். சிப் பிரச்சினை மட்டும் இல்லையென்றால் நாங்களும் அதோடு நிறுத்தியிருப்போம். விவகாரம் வாங்கி வந்த பிறகு வெடித்தது. பெட்டியில் 512 ஜிபி. திறந்து பார்த்தால் 476. மீதி 36 எங்கே என்று மகள் கத்த, அத்தை நாற்காலியில் இருந்தபடியே கேட்டார்: "சேதாரமா?"

கிட்டத்தட்ட அதேதான் அத்தை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணி 512 என்கிறார்கள். விண்டோஸ் 1024, 1024-ஆக எண்ணி 476 என்கிறது. யாரும் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. இதை விளக்கியதும் அத்தை, "நகைக்கடைக்காரனும் இப்படித்தான் விளக்குவான்" என்றார்.

இனி யாரும் கேட்காத இரண்டு விஷயங்கள். என்னைக் கேட்டால் ப்ராசஸரைவிட முக்கியமானவை.

ஒன்று, திரை. விவரத்தாளின் மூலையில் "45% என்டிஎஸ்சி" என்று சின்ன எழுத்தில் இருக்கும். திரை காட்டக்கூடிய நிறங்களின் அளவு அது. இந்தத் திரையில் சிவப்பு, சிவப்பாக இருக்காது. சிவப்பைப் பற்றிய வதந்தியாக இருக்கும். ஆன்லைனில் புடவை வாங்கும் வீட்டில் இது சாதாரண விஷயமா? மங்கிய செங்கல் நிறம் என்று நினைத்து ஆர்டர் செய்தால் வந்து இறங்குவது பளீர் சிவப்பு. "100% எஸ்ஆர்ஜிபி" என்று போட்டிருந்தால் நிறம் நிறமாகத் தெரியும். அதோடு ஐபிஎஸ் திரையா என்றும் பாருங்கள். கடையில் நேர் எதிரே நின்று பார்க்காமல், பக்கவாட்டில் ஒதுங்கி நின்று பாருங்கள். ஏனென்றால் வீட்டில் மாமியார் உட்காரும் இடம் அதுதான். அங்கிருந்து பார்த்தால் சீரியல் கதாநாயகி வெளுத்துப்போய்ப் பேய் மாதிரி தெரிந்தால், அந்த லேப்டாப் குடும்பத்துக்கு ஆகாது.

இரண்டு, கீல். லேப்டாப்பின் உயிர் ப்ராசஸரில் இல்லை, கீலில் இருக்கிறது. விலை குறைந்த மாடல்களில் கீலின் திருகுகள் பிளாஸ்டிக்கில்தான் பதிந்திருக்கும். மூடியை ஒரு மூலையைப் பிடித்து இழுத்துத் திறந்து திறந்து, ஒருநாள் அந்தப் பிளாஸ்டிக் விட்டுக்கொள்ளும். திரையும் விசைப்பலகையும் தனிக்குடித்தனம் போய்விடும். கடையில் மூடியை நடுவில் பிடித்துத் திறந்து, அடிப்பாகம் கூடவே எழுகிறதா, மூலையில் முறுக்குகிறதா என்று பார்த்தேன். விசைப்பலகையை நடுவில் அழுத்தினேன். சில மாடல்களில் தூளி மாதிரி அமுங்கியது. விற்பனையாளருக்கு வியர்த்தது. "சார், மேடத்தைக் கொஞ்சம்..." என்றார் என் கணவரிடம். இருபது வருடமாகத் தன்னாலேயே முடியாததை அவர் எப்படிச் செய்வார்?

வாரண்டி என்றால் எல்லாவற்றுக்கும் என்று நினைக்கிறோம். தயாரிப்புக் குறைக்குத்தான் அது. ஃபில்டர் காபி தயாரிப்புக் குறையில் வராது. கீழே விழுந்ததற்கும் காபி கவிழ்ந்ததற்கும் தனிப் பாதுகாப்புத் திட்டம் வாங்க வேண்டும். ஆறு பேர் உள்ள வீட்டில் நான் தயங்காமல் வாங்கியது அது ஒன்றைத்தான். நீட்டித்த வாரண்டி வாங்கினாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரே வருடம்தான் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நாள் முழுக்க சார்ஜரிலேயே செருகிவைக்கும் வீடென்றால், 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பார்த்துப் போட்டுவிடுங்கள். பேட்டரி கூடுதல் நாள் உழைக்கும். மெத்தை மேல் வைத்துப் படம் பார்க்கும் பிள்ளைகளிடமிருந்து மட்டும் லேப்டாப்பை எந்தத் திட்டமும் காப்பாற்றாது. அடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்து, அது தோசைக்கல்லாகிவிடும்.

பில் போடும் நேரத்தில் பேரம் ஒரு பையிலும் மௌஸிலும் வந்து முடிந்தது. ஆன்டிவைரஸுக்குத் தனியாகக் காசு என்றார்கள். விண்டோஸோடு டிஃபெண்டர் வருகிறதே என்றேன். தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேருக்கும் தனியாகக் காசு என்றார்கள். தமிழக அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. மொழி அமைப்பில் போய்ச் சேர்த்தால் போதும், பைசா செலவில்லை. விற்பனையாளர் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். "மேடம், நீங்க எந்தக் கம்பெனில இருக்கீங்க?" என்றார்.

வாங்கியது நடுத்தர ஐ5, 16 ஜிபி, ஐபிஎஸ் திரை, தடிமனான கீல். சர்வீஸ் சென்டர் ஆட்டோவில் போகும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வாங்கினேன். இயற்பியல், கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமலே நடந்துகொண்டிருக்கிறது.

நீங்கள் வாங்கப்போவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். பில்லைக் கையில் வாங்கியதும் அன்றைக்கே அதைப் போட்டோ எடுத்துவிடுங்கள். பல கடைகளில் பில் அடிக்கும் தெர்மல் தாளில், வாரண்டி முடிவதற்கு முன்பே எழுத்து மறைந்துவிடும். அந்தப் போட்டோவை அந்த லேப்டாப்பில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.