மேகம் மூடினால் துடுப்பா?

கேள்வி: சூரியசக்திப் படகு நடு ஏரியில் போகும்போது மேகம் மூடிக்கொண்டால், பயணிகள் இறங்கித் தள்ள வேண்டுமா?

பதில்: பயப்படாதீர்கள், வேட்டி நனையாது! கேரளத்தில் வைக்கம் – தவணக்கடவு இடையே 2017 முதல் 'ஆதித்யா' என்ற சூரியசக்திப் படகு ஓடுகிறது. 75 பேர் உட்காரலாம். மோட்டாரைச் சுழற்றுவது பேட்டரி. கூரையிலுள்ள 20 கிலோவாட் பலகைகள் பகலெல்லாம் அதை நிரப்பிக்கொண்டே வரும். வெயில் ஏமாற்றினால் கரையில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். ஆனால் சாமர்த்தியமே அடியில்தான் இருக்கிறது: எடை குறைந்த, ஒல்லியான இரட்டை உடல், தண்ணீரோடு அதிகம் மல்லுக்கட்டாது. வேகத்தை மட்டும் இரட்டிப்பாக்கச் சொல்லாதீர்கள். மோட்டார் கேட்கும் மின்திறன் ஏறக்குறைய எட்டு மடங்காகிவிடும்! அவசரக்காரர்கள் முந்தைய படகில் ஏறிவிடுவது மலிவு.