மாப்பிள்ளை மாத்திரை இல்லை

கே: மகளுக்கு ஒரு டாக்டர் 'பைபோலார்' என்றார். இன்னொருவர் சீட்டில் 'பார்டர்லைன் பெர்சனாலிட்டி' என்று எழுதியிருக்கிறார். யாரை நம்ப?
- ஒரு தாய், திரேஸ்புரம்

ப: ரத்தத்திலும் ஸ்கேனிலும் தெரியாதும்மா, பேசிப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். பைபோலாரில் ஒரு மனநிலை நாள்கணக்கில், வாரக்கணக்கில் நிற்கும். பார்டர்லைனில் காலையில் 'நீதான் தெய்வம்'. மத்தியானம் போனை எடுக்காவிட்டால் 'யாருமே வேண்டாம்'. தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள்.

கே: ஒன்பது அறிகுறியில் ஐந்து இருந்தால் பார்டர்லைனாமே?
- கல்லூரி மாணவர், தூத்துக்குடி

ப: அமெரிக்க மனநோய்க் கையேட்டின் கணக்கு அது. கூட்டிப் பாருங்கள், 256 விதமாக வரலாம். ஒரே ஒரு அறிகுறி மட்டும் ஒத்துப்போகும் இருவருக்கும் ஒரே பெயர்! 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11, ஆளுமைக் கோளாறு வகைகளைத் தூக்கிவிட்டு, 'லேசா, நடுத்தரமா, கடுமையா' என்று கேட்கிறது. ஆனால் பார்டர்லைனை மட்டும் ஒட்டுக் குறிப்பாக விட்டுவைத்தது. வாசலில் வழியனுப்பிவிட்டு, கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை. பெயர் போனால் சிகிச்சையும் போய்விடும் என்று பயந்த டாக்டர்கள் போட்ட சண்டையின் பலன் அது. அந்தப் பயம் நியாயம்தான்.

கே: மாத்திரை உண்டா? கல்யாணம் செய்து வைத்தால் சரியாகுமா?
- ஒரு தாய்மாமன், காயல்பட்டினம்

ப: பார்டர்லைனுக்கென்று அங்கீகாரம் பெற்ற மாத்திரை கிடையாது, கூடவரும் மனச்சோர்வுக்குத் தருவார்கள். டிபிடி என்ற பேச்சு சிகிச்சைதான் பேர் பெற்றது. வாரா வாரம், ஏறக்குறைய ஒரு வருஷம். அதை உருவாக்கிய மார்ஷா லினஹன், தானும் இளம் வயதில் இப்படித் தவித்தவள்தான் என்று 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசையில் அவ்வளவு நேரம் எங்கே கிடைக்கும் என்பதுதான் நம்மூர்ப் பாடு. கல்யாணமா? உறவில்தானே இந்த வலியே கிளம்புகிறது. மாப்பிள்ளைக்கு டோஸ் யார் எழுதுவது? உங்கள் வீட்டுப் பெண் கையைக் கீறிக்கொண்டால் 'நாடகம்' என்று சொல்லாமல், உடனே 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலிமானஸ், இரவு பகல் உண்டு.

கே: ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்களே?
- பெயர் வேண்டாம், வேம்பார்

ப: கும்பிட்டுவிட்டு வாருங்கள், விட்டுவிட்டு வராதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். சங்கிலி போடுவதையே 2017 மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது.

கே: எங்கள் மேனேஜருக்கும் பார்டர்லைன்தான் என்று நினைக்கிறேன்.
- துறைமுக ஊழியர்

ப: கப்பல் லேட்டானால் கத்துவதெல்லாம் நோய் என்றால் துறைமுகமே வார்டாகிவிடும். இளவயது முதல், வீடு வேலை எல்லா இடத்திலும் தொடர்ந்தால்தான் டாக்டரே யோசிப்பார். உங்களிடம் மட்டும் கத்துகிறார் என்றால், போன மாதம் எத்தனை லீவு போட்டீர்கள்?