மயிலின் உடுப்பும் ஜனாதிபதியின் துவக்கும்

பறவையின் நிறத்தைத் தப்பாக விளங்கிக்கொண்ட முதல் பெரிய மனிதர் நம்முடைய ஆள்தான். பழனி மலைப் பக்கம் ஆண்ட பேகன், கடையெழு வள்ளல்களில் ஒருவர். தோகை விரித்து ஆடிய மயிலைப் பார்த்தார். குளிரில் நடுங்குகிறதாக்கும் என்று தன் போர்வையைக் கழற்றிப் போர்த்திவிட்டார். அன்றிலிருந்து கொடை, கொடை என்று புகழ்கிறோம். மயிலின் பக்கத்தை ஒருத்தரும் கேட்கவில்லை. பேடு ஒன்று எட்டி நின்று பார்க்கிற நேரமாகப் பார்த்து, மாதக்கணக்கில் வளர்த்த தோகைக்கு மேல் ஓர் அரசர் போர்வையை எறிந்தால் அந்தச் சேவலுக்கு எப்படி இருந்திருக்கும்?

பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் மயிலுக்குக் கொடை கிடைக்கவில்லை. கள்ளப் பட்டம்தான் கிடைத்தது. வாடைக் காலத்தில் இமயமலை அடிவாரத்திலிருந்து வந்து நம் பற்றைகளுக்குள் குந்தும் ஆறுமணிக்குருவியைச் சிங்களவர் ‘அவிச்சியா’ என்பார்கள். தன் உடுப்பை மயில் எடுத்துவிட்டதென்று அது கத்துகிறதாம். மைத்ரேய புத்தர் வரும்போது அவரிடம் முறையிடுமாம். முறைப்பாட்டுக்காரரின் மேலிலோ பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று ஒரு புடவைக்கடையே இருக்கிறது. எந்த நீதவானும் இரண்டாம் தரம் ஏற இறங்கப் பார்க்கத்தான் செய்வார்.

பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள். முத்தும் யானையும் கப்பலேற்றுவதில் அவர்களுக்கிருந்த மும்முரம் உலகறிந்தது. ஆனால் 1752 முதல் 1757 வரை தேசாதிபதியாக இருந்த யோகான் கிடியன் லோட்டனுக்கு வேறொரு பைத்தியம். பீட்டர் கொர்னேலிஸ் த பேவர் என்ற ஓவியரைப் பிடித்து வைத்து, இலங்கைப் பறவைகளை வரைவித்துக்கொண்டிருந்தார். நிழலில் கறுப்பாகவும் வெயிலில் ஊதாவும் பச்சையுமாகவும் மினுங்கும் தேன்சிட்டு ஒன்றுக்கு 1766இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் இவருடைய பெயரையே சூட்டினார். லின்னேயஸ் இலங்கைப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. குருவியிடம் யாரும் சம்மதம் கேட்டதாகவும் தெரியவில்லை.

அந்த மினுக்கத்தின் இரகசியம் நூறு வருடத்துக்கு முன்னமே லண்டனில் பாதி வெளிப்பட்டிருந்தது. 1665இல் றொபேட் ஹூக் மயிலிறகை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். தண்ணீரில் நனைத்தால் நிறம் ஓடிவிடுகிறது என்று எழுதிவைத்தார். மெல்லிய படலங்களில் ஒளி படும்போது பிறக்கிற நிறம் அது என்று விளக்கியவர் நியூட்டன். இருவருக்கும் ஆகாது. ஹூக் 1703இல் கண்ணை மூடும்வரை பொறுத்திருந்து, 1704இல் நியூட்டன் தன் ஒளிநூலை வெளியிட்டார். மயிலின் நீலத்தில் நீலச் சாயம் துளியும் இல்லை. இறகுக்குள் மெலனின் கோல்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும் இடைவெளிதான் ஒளியை நீலமாகத் திருப்பி அனுப்புகிறது. இறகை இடித்துப் பொடியாக்கினால் மிஞ்சுவது மண்ணிறத் தூள். ஆகவே ஆறுமணிக்குருவியின் வழக்கு தள்ளுபடி: களவுபோனதாகச் சொல்லப்படும் பொருள் ஒரு பொருளே அல்ல.

நிறம் எப்படி வந்தது என்பது சரி, எதற்கு வந்தது? இந்தக் கேள்விதான் டார்வினை வருத்தியது. மயிலிறகைக் கண்டாலே தனக்குக் குமட்டுகிறது என்று 1860இல் நண்பர் ஏசா கிரேக்கு எழுதினார். தப்பிப் பிழைக்கிறதுதான் வாழ்க்கை என்று புத்தகம் போட்ட மனிதர். எதிரே நிற்கிறது, ஓடவிடாமல் இழுக்கும் வாலோடு ஒரு பறவை. 1871இல் விடை சொன்னார்: பேடு பார்த்து, பிடித்த மாப்பிள்ளையைத் தெரிவு செய்கிறது. கூட்டாளி வொலஸ் இதை ஒத்துக்கொள்ளவில்லை. பெண்ணுக்கு இரசனையும் உண்டு, தெரிவும் உண்டு என்பதை அந்தக் காலத்துக் கனவான்கள் பலராலும் செரிக்க முடியவில்லை. கடைசியில் பேட்டையே கேட்டார்கள். 1991இல் இங்கிலாந்தில் மரியன் பெற்றியின் குழு ஆராய்ந்தபோது, கண்புள்ளி கூடிய சேவலுக்கே வரவேற்பு என்று தெரிந்தது. 2008இல் ஜப்பானில் ஏழு வருட ஆய்வின் முடிவை வெளியிட்டார்கள்: அங்கத்தைய பேடுகள் தோகையைச் சட்டையே செய்யவில்லை. டார்வினும் வொலஸும் ஆளுக்கொரு நாட்டில் வென்றார்கள்.

இந்த இழுபறிக்கு நடுவே வந்து சேர்ந்தவர் அமெரிக்க ஓவியர் அபொட் தேயர். 1896இல் பறவையியலாளர்களைக் கூட்டி, கம்பியில் குத்திய வத்தாளங்கிழங்குகளைத் தரைக்குச் சற்று மேலே நிறுத்திவைத்தார். மேலே கருமை, கீழே வெள்ளை பூசிய கிழங்குகள் படித்த கண்களுக்கே தட்டுப்படவில்லை. முதுகில் வெயிலும் வயிற்றில் நிழலும் விழுவதை இந்தப் பூச்சு சமன்செய்துவிடுகிறது. உண்மையான கண்டுபிடிப்பு. மன்னார்க் கடலில் சூடையும் கீரிமீனும் கரிய முதுகும் வெள்ளி வயிறுமாகத் திரிவது இதற்குத்தான்.

தேயர் அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. எல்லா மிருகத்தின் எல்லா நிறமும் ஒளிவதற்கே என்று அடம்பிடித்தார். மயில் காட்டுக்குள் மறைந்து நிற்பதாக ஒரு படம் வரைந்தார். 1909இல் மகனின் பெயரில் வந்த புத்தகத்தில், பூநாரை இளஞ்சிவப்பாக இருப்பது விடியலிலும் அந்தியிலும் சிவந்த வானத்தோடு கலந்துவிடத்தான் என்றார்கள். மிச்ச நேரம் அது என்ன செய்யும் என்று கேட்டால் ஓவியரிடம் பதில் குறைவு. அந்தி வானத்துக்கு எதிரே எந்தப் பறவையும் கரிய நிழலாகத்தான் தெரியும் என்பதை, பூநாரை வந்திறங்கும் மன்னார் வங்காலைப் பொடியன் ஒருவனே சொல்லியிருப்பான்.

பதில் சொல்ல முன்னாள் ஜனாதிபதி தியடோர் றூஸ்வெல்ட் கிளம்பினார். ஆபிரிக்காவில் மகனும் தானுமாக 512 மிருகங்களைச் சுட்டுவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். மிருகம் கண்ணில் படுமா படாதா என்பதில் அவரைவிட நேரடி அனுபவம் உள்ளவர் கிடைப்பது கடினம். 1911இல் நூறு பக்கத்துக்கு மேல் எழுதித் தேயரைத் துவைத்தெடுத்தார். ஒருவர் தூரிகை வழியாகப் பார்த்தார், மற்றவர் துவக்குக் குழல் வழியாக. பூநாரையை அதன் சாப்பாட்டுத் தட்டு வழியாகப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை.

வங்காலைக் களப்பில் விடை சேற்றுக்குள் கிடக்கிறது. பூநாரைக் குஞ்சு சாம்பல் நிறம். உப்புநீர் இறாலும் பாசியும் தின்னத் தின்ன, அவற்றிலுள்ள கரோட்டினொயிட் இறகில் ஏறுகிறது. மிருகக்காட்சிச்சாலையில் தீனி பிழைத்தால் வெளிறிவிடும். அதுவும் போதாதென்று, வாலடிச் சுரப்பியிலிருந்து வரும் நிற எண்ணெயைப் பூநாரை தானே எடுத்துப் பூசிக்கொள்கிறது என்று ஸ்பெயினில் கண்டார்கள். சோடி சேரும் காலத்தில் பூச்சு அதிகம். அந்தக் காலம் கழிந்துவிட்டால் அலங்காரம் குறைந்துவிடுகிறது. நம் கலியாண வீடுகளில் இது புதுச்செய்தி அல்ல.

இன்னொன்று: பறவையின் கண்ணில் நிறம் காணும் கூம்புகள் நாலு வகை, நமக்கு மூன்றுதான். பல பறவைகளுக்குப் புறஊதாவும் தெரியும். ஓவியர், ஜனாதிபதி, தேசாதிபதி, வள்ளல் என்று தீர்ப்புச் சொன்ன அத்தனை பேரும் பாதிக் குருடர்கள்.

மயில் தோகை எதற்கு என்ற பழைய கேள்விக்கு 1975இல் உயிரியலாளர் அமோட்ஸ் ஸஹாவி புதிதாக ஒன்று சொன்னார்: வீண்செலவுதான் செய்தி. இவ்வளவு பாரத்தைச் சுமந்தும் நான் உயிரோடு இருக்கிறேன், என் வலுவைப் பார் என்று சேவல் பேட்டுக்குக் காட்டுகிறதாம். அழகான கொள்கை. ஆனால் செலவை யார் கட்டுகிறார் என்று ஸஹாவி எழுதவில்லை. கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் விளையும் முருங்கன் வயலுக்குள் காலையில் இறங்கும் மயில்களைக் கேட்டால் சொல்லும். பேகனுக்கு ஒரு போர்வையோடு போயிற்று. முருங்கன் கமக்காரருக்கு ஒவ்வொரு போகமும் நெல்லாகப் போகிறது. அவரை மட்டும் இன்னும் ஒருத்தரும் வள்ளல் பட்டியலில் சேர்க்கவில்லை.