எங்க வரிப்பணம்

ஹட்டன் மெயின் வீதியில் இவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. ரோட்டில் விழுந்த குழியை இரண்டு பேர் நின்று பார்த்தால், மூன்றாவதாக வந்து நிற்பவர் இவர்தான். "பாத்தீங்களா சேர், இதெல்லாம் யாரு காசு? எங்க வரிப்பணம்!" என்பார். சொல்லிவிட்டுக் குழிக்குள் ஒரு தரம் எட்டியும் பார்ப்பார்.

பெயர் முக்கியமில்லை. 'முதலாளி' என்று கூப்பிட்டால் கல்லாவிலிருந்து தலை நிமிரும். தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் பொகவந்தலாவையிலும் இதே காதோரப் பென்சிலோடு, இதே வசனத்தோடு ஆட்கள் இருக்கிறார்கள். ஆகவே யாரும் தன்னைச் சொன்னதாக நினைத்துக் கோபித்துக்கொள்ள வேண்டாம். எல்லோரையும்தான் சொல்கிறேன்.

முதலாளியின் கணக்கில், இந்த நாட்டில் அசைகிறதும் அசையாததும் அவருடைய வரிப்பணத்தில் வந்தவை. டிப்போவில் ஒரு பஸ் ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் அவருக்கு நெஞ்சு வலிக்கும். கிராம உத்தியோகத்தர் கொட்டாவி விட்டால் அந்தக் கொட்டாவிக்கும் காசு கொடுத்தவர் அவரே. டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரியில் மச்சானைப் பார்த்துவிட்டு வந்த அன்று, "கட்டடம் பெருசாத்தான் கட்டியிருக்கானுங்க. எங்க வரிப்பணமில்ல!" என்றார். அது இந்திய அரசாங்கத்தின் நன்கொடையில் எழும்பிய கட்டடம், 2017 மே மாதம் மோடியே வந்து திறந்துவைத்தார், நோர்வூட் கூட்டத்துக்கு நீங்களும் கடையைப் பூட்டிவிட்டுப் போனீர்களே என்று ஞாபகப்படுத்தினேன். முதலாளி அசரவில்லை.

"அதனால என்னா? சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியாவுக்குப் போன எங்க சித்தப்பா மகன் கூடலூர்ல கடை வச்சிருக்கான். அவன் கட்டியிருப்பான்ல!"

குடும்பமே இப்படிக் கட்டுகிறது என்றால், இவர் பங்கு எவ்வளவு? அதைக் கேட்டால், "சொன்னா நீங்க மயக்கம் போட்டுருவீங்க" என்பார். நம் உடல்நிலை கருதி இதுவரை சொன்னதில்லை. சரஸ்வதி பூசைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற கணக்குப் புத்தகம் ஒன்று கடையில் உண்டு. அதில் இருப்பது சாமிக்கும் அவருக்கும் தெரியும். வரிக்காரர்கள் வந்தால் எடுத்து நீட்டுவதற்கு ஒரு சி.ஆர். கொப்பி தனியாக இருக்கிறது. அந்தக் கொப்பியின்படி கடை பல வருடமாக நஷ்டத்தில் ஓடுகிறது. மகளுக்குச் சம்பந்தம் பேச வந்த தரகர் எப்படியோ அந்தக் கொப்பியைப் பார்த்துவிட்டு எழுந்து போகப் பார்த்தார். அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, வாழ்க்கையில் முதல்தடவையாகத் தன் உண்மையான வருமானத்தை ஒரு மூன்றாம் ஆளிடம் ஒப்புக்கொண்டார் முதலாளி. இறைவரித் திணைக்களம் பரிசோதகர்களை விட்டுவிட்டுக் கல்யாணத் தரகர்களை அனுப்பிப் பார்க்கலாம்.

கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று ஒரு சேதி கிளம்பினால் போதும். கலண்டரில் இல்லாத போயா ஒன்று ஹட்டனில் வந்துவிடும். மல்லியப்பு சந்தியில் வாகனம் திரும்புவதற்குள் பாதி ஷட்டர் இறங்கியிருக்கும். முதலாளிக்கு அன்றைக்குத்தான் முதுகுவலி.

வற் வரியோடு இவருக்கு இருக்கிற உறவு தனிக் கதை. 2002இல் பிறந்த இந்த வரி பல தடவை ஏறி இறங்கியிருக்கிறது. 2019 டிசம்பரில் 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்கு இறங்கியது. அந்தச் சேதி கடைக்கு வந்து சேரவேயில்லை. "பழைய ஸ்டாக்கு தங்கச்சி, கூடுன விலைக்கு எடுத்தது" என்று சொல்லிக்கொண்டே அந்தக் காலத்தை ஓட்டிவிட்டார். 2022 ஜூனில் 12, செப்டம்பரில் 15 என்று திரும்பவும் ஏறி, 2024 ஜனவரி முதலாந் திகதி 18ஐத் தொட்டது. இந்தச் சேதிகள் மட்டும் நள்ளிரவு மெயிலில் வந்து இறங்கின. ராக்கையில் தூசி பிடித்துக் கிடந்த பழைய சவர்க்காரத்துக்கும் விடியும்போது புது விலை. "ஸ்டாக்கு பழசுதானே முதலாளி?" என்றால், "சவுக்காரம் பழசு, வரி புதுசு" என்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் வற் வரிக்குப் பதிவு செய்தவர் இல்லை. 2024இல், வருடத்துக்கு 6 கோடி ரூபாவுக்கு மேல் வியாபாரம் நடந்தால்தான் பதிவு கட்டாயம் என்றார்கள். "ஆறு கோடியா? எனக்கா? நான் பொட்டிக் கடைக்காரன் சேர்!" என்று கையை விரிப்பார். (தரகரை இங்கே யாரும் கூப்பிட்டுவிடாதீர்கள்.) பதிவு இல்லாதவர் வற் என்று சொல்லி ஒரு சதம்கூட வாங்க முடியாது. ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். கொழும்பில் சரக்கெடுக்கும்போது அவர் கொடுக்கிற விலைக்குள் அந்த வரி இருக்கிறது, பதிவில்லாததால் அதைத் திரும்பக் கேட்கவும் வழியில்லை. அதை அவர் விலையில் சேர்ப்பதைக் குற்றம் சொல்ல மாட்டேன். சேர்த்ததற்கு மேல் இன்னொரு தரம் 18 வீதத்தைக் கல்குலேட்டரில் தட்டிவிட்டு, "என்னா செய்ய, கவர்மெண்டு போடுது" என்று பெருமூச்சு விடுகிறாரே, அந்தப் பெருமூச்சுதான் பொறுக்கவில்லை.

டின் நம்பர் வந்தபோதும் பார்த்தோம். 18 வயது தாண்டியவர்கள் எல்லோரும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிந்து வரி இலக்கம் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் 50,000 ரூபா வரை தண்டம் என்று 2024 பிறக்கிற நேரத்தில் பேச்சு எழுந்தது. டின் மீனைத் தவிர வேறு டின் தெரியாத தோட்டத்துப் பிள்ளைகள் அடையாள அட்டையைத் தூக்கிக்கொண்டு கொமியுனிகேஷன் கடைகளில் நின்றார்கள். முதலாளியின் கடையில் மூட்டை தூக்குகிற பையனும் பயந்துபோய் எடுத்துவிட்டான். மாதம் முடிகிறதற்குள் சம்பளத்தில் பாதி அட்வான்ஸாகக் கரைந்துவிடும் அவனுக்கு இன்று டின் நம்பர் இருக்கிறது. முதலாளி, "ஃபோம் இங்கிலீசுல இருக்கு தம்பி, பாப்போம்" என்றார். பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

தன் கட்சிக்கு அவரிடம் சரித்திரமும் உண்டு. 1848இல் டொரிங்டன் தேசாதிபதி நாய்க்கு வரி, துவக்குக்கு வரி, கடைக்கு வரி என்று போட்டபோது மாத்தளையில் சனம் எழும்பியது. முன்னின்ற புரன் அப்புவைக் கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். இதைச் சொல்லும்போது முதலாளிக்குக் குரல் தழுதழுக்கும், 'கடைக்கு வரி' என்ற இடத்தில் மட்டும். பில் போடாமல் தேங்காய் எண்ணெய் விற்பது அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சி என்பது அவர் நம்பிக்கை. தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க தலைவரி கட்ட மாட்டேன் என்று சொல்லி, அதற்குப் பதிலாகக் கொழும்பில் பகிரங்கமாகக் கல்லுடைத்த கதையை நான் எடுத்துக் கொடுத்தேன். "கல்லுடைக்கிறது நமக்கு ஒத்து வராது" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

ஆனால் சீனிக் கதையை எடுத்தால் நான்தான் வாயை மூடிக்கொள்ள வேண்டும். 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனி ஒரு கிலோவுக்கு இருந்த 50 ரூபா வரியை 25 சதமாக்கினார்கள். விலை குறைந்ததா என்றால், சனத்துக்குக் குறையவில்லை. அரசாங்கத்துக்கு 1,500 கோடி ரூபாவுக்கு மேல் வருமானம் போனது என்ற பேச்சு பாராளுமன்றம் வரைக்கும் போயிற்று. 2023 நவம்பரில் அந்த 25 சதம் திரும்பவும் 50 ரூபாவானது. அது மட்டும் மறுநாளே எங்கள் பிளேன்டீயில் தெரிந்தது. "பெரிய ஆளுங்க சீனி தின்னா வியாபாரம், நான் தின்னா களவா?" என்று அவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. களவுதான் என்று சொல்லலாம். சொன்னால் மாதக் கடன் கொப்பியில் என் பக்கத்தைத் திறந்துவிடுவார்.

அவர் பேச்சில் எனக்கு ஒத்து வராதது ஒன்றுதான். சம்பள நாளில், பத்தாந் திகதி, தோட்டத்துச் சனம் டவுனில் நிறைந்து நிற்கும்போது கல்லாவில் இருந்தபடி சொல்வார்: "இவங்களுக்கென்ன, வரியா கிரியா! ஆஸ்பத்திரி ஃப்ரீ, ஸ்கூல் ஃப்ரீ, இப்ப அஸ்வெசும வேற. எல்லாம் எங்க வரிப்பணம்." உண்மைதான். 2024 செப்டம்பரில் நாள் சம்பளம் 1,350 ரூபாவானது. மாதம் 25 நாள் பேர் விழுந்தாலும் 33,750. வருமான வரி அன்றைக்கு ஒரு லட்சத்துக்கு மேலேதான் தொடங்கியது. ஆகவே கொழுந்தெடுக்கிற அக்கா வரி கட்டாதவர். மாதம் ஐந்து கிலோ சீனி வாங்கினால் அதில் 250 ரூபா போவதும், போனுக்கு ரீலோட் போட்டால் பாதி வழியில் கொஞ்சம் காணாமல் போவதும், வீட்டுக்காரர் பாருக்குள் போனால் தேசத்துக்குப் பெரும் தொண்டு செய்துவிட்டுத் தள்ளாடி வருவதும் முதலாளி கணக்கில் வரி இல்லை. மலையில் கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்கு, சாக்குக்கு என்று கிலோ வெட்டுகிறார்களே, அந்த வரிக்குப் படிவமே கிடையாது.

அமெரிக்காவில் 1773இல், எங்களுக்குச் சபையில் ஆளில்லாமல் எங்களிடம் வரி வாங்குவதா என்று 342 தேயிலைப் பெட்டிகளைப் பொஸ்டன் துறைமுகத்தில் கொட்டினார்கள். இங்கே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டது 1867இல். அதற்குப் பிறகு தேயிலை ஏற்றுமதித் தீர்வை திறைசேரியை எத்தனையோ வருடம் நிரப்பியது. அந்தக் கொழுந்தைக் கிள்ளிய கைகளிடமிருந்து 1948இல் குடியுரிமையை எடுத்துவிட்டார்கள். நம் ஆட்கள் ஒரு பெட்டியைக்கூட எந்த ஆற்றிலும் கொட்டவில்லை. மறுநாள் காலை பிரட்டுக்குப் போனார்கள். பிறகு வாக்கு வந்தது, 1987இல் பிரதேச சபைச் சட்டமும் வந்தது. வாக்குப் போடலாம், ஆனால் சபைக் காசில் தோட்டத்துக்குள் ஒரு ரோட்டுப் போட அந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவு இடம் கொடுக்கவில்லை. அதைத் திருத்த 2018 வரைக்கும் ஆனது. இதை முதலாளியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க வாங்குன பருப்புக்குக் காசு குடுத்துட்டீங்களா?" என்றார்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் பாவம். முதலாளி கஞ்சன் இல்லை. தேர்த் திருவிழாவுக்குக் காசு சேர்க்க வந்தால் கேட்டதற்கு மேலே கொடுப்பார். காரணம் இருக்கிறது. அங்கே பற்றுச்சீட்டுக் கிடைக்கும், லவுட்ஸ்பீக்கரில் பெயர் வாசிப்பார்கள், திருவிழா முடிந்த கையோடு கணக்கும் வாசிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் முன் வரிசையில் உட்கார்ந்து, "வாழைமரம் ரெண்டுதானே கட்டுனீங்க, மூணுக்குக் காசு எழுதியிருக்கு?" என்று கேட்டுக் கோயில் தலைவரின் கழுத்தைப் பிடித்தவர் இவர். மூன்றாவது வாழைமரம் தலைவரின் வீட்டுத் தோட்டத்தில் நின்றது. அன்று இரவு முதலாளிக்கு ஊரில் ஒரு கணக்காய்வாளர் நாயகத்துக்குரிய மரியாதை.

போன சம்பள நாளில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கொட்டகலைப் பக்கத்து அக்கா ஒருவர் மகளோடு சாமான் வாங்க வந்தார். மகள் உயர்தரம் படிக்கிற பிள்ளை, வர்த்தகப் பிரிவு. முதலாளி பென்சிலை எடுத்து ஒரு சிகரெட் பெட்டி அட்டையின் உள்பக்கத்தில் கணக்குப் போட்டார். அடியில் 'வற்' என்று ஒரு வரி எழுதினார்.

"என்னா முதலாளி, சாமான் வெலைக்கு மேல இது வேறயா?" என்றார் அக்கா.

"நானா போடுறேன்? சட்டம்மா. எனக்கு ஒரு சதம் வராது. எல்லாம் கவர்மெண்டுக்கு."

பிள்ளை அட்டையைத் திருப்பிப் பார்த்தது. "உங்க வற் பதிவு இலக்கம் இதுல இல்லையே அங்கிள்? பில்லுல அது இருக்கணும்னு எங்க சேர் சொன்னாரு."

கடை சற்று அமைதியானது. மூட்டை தூக்குகிற பையன் உற்சாகமாக, "எங்கிட்ட டின் நம்பர் இருக்கு முதலாளி, அதப் போடுவமா?" என்றான். முதலாளி அவனைப் பார்த்த பார்வையில் அவன் ஸ்டோருக்குள் போய்விட்டான்.

"எந்த ஸ்கூல் தங்கச்சி நீ? நல்லாப் படிக்கிறியே!" என்று முதலாளி சிரித்தார். அட்டையை வாங்கி அடி வரியை வெட்டினார். "ஒன் படிப்புக்காகக் கழிச்சிட்டேன். படிச்சு பெரிய ஆபீசராகி இந்தப் பக்கம் மட்டும் வந்துடாத" என்று ஒரு டொபியும் கொடுத்தார். அக்கா ஒன்றும் பேசாமல் காசை எண்ணி வைத்துவிட்டு, வெட்டிய அந்த அட்டையையும் கேட்டு வாங்கி மடித்து பேர்ஸில் வைத்துக்கொண்டார்.

அடுத்து நின்றது நான். அரைக் கிலோ நெத்தலிக் கருவாடு கேட்டேன். முதலாளி தராசைப் பார்த்தார், படியிறங்கிப் போகிற பிள்ளையைப் பார்த்தார், காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"சேர், கருவாடு இன்னைலயிருந்து கூடிட்டுதே."